படகின் அடியும் அபிவிருத்தியின் அளவுகோலும்

உற்பத்திக் கருவிகளை ஏணிப் படிகளாக அடுக்கி நோக்கும் மனப்பாங்கு நமது கல்வியாளரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கடற்றொழில் பற்றிய உரைகளிலும் அறிக்கைகளிலும் இப்போக்கினைத் தெளிவாகக் காணலாம். கட்டுமரம் கீழ்ப்படி, வள்ளம் நடுப்படி, கண்ணாடியிழைப் படகு மேற்படி. மேற்படிக்கு ஏறியவன் முன்னேறியவன், ஏறாதவன் பின்தங்கியவன் என்பதே இவ்வேணியின் தத்துவம். இத்தத்துவம் பிழையானது. பிழையானது மட்டுமன்று, கடலிற் செல்வோனுக்குத் தீங்கு விளைப்பதுமாகும். படகின் அடி எவ்வடிவில் அமைய வேண்டும் என்பதைக் கடலின் ஆழமும், அலையின் தன்மையும், கரையின் அமைப்பும், இழுக்கும் ஆட்களின் தொகையும், எரிபொருளின் விலையுமே தீர்மானிக்க வேண்டும். இவற்றை ஒதுக்கிவிட்டு எந்தப் படகு சிறந்தது என்று வினவுவது பொருளற்ற வினாவாகும்.

முதலிற் கட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். இச்சொல் ஐரோப்பிய மொழிகளுட் புகுந்து, இன்று இரட்டை உடல் கொண்ட கப்பல்களுக்குப் பெயராயிற்று. ஆயின் நமது கட்டுமரத்துக்கு இரண்டு உடல் இல்லை. உண்மையில் ஓர் உடல்கூட இல்லை. பாரமற்ற மரங்கள் சில சேர்த்துக் கட்டப்பட்டுள்ளன, அவ்வளவே. உட்குழிவு இன்மையால் நீர் நிரம்புவதற்கு இடமில்லை. அலை மேலே விழுந்தால் மரங்களின் இடைவெளியூடாக வடிந்துவிடும். எனவே, துறைமுகமற்ற திறந்த கரைகளில் உடையும் அலைகளைக் கடப்பதற்கு அது மிகப் பொருத்தமானது. கரையேறியதும் கட்டவிழ்த்து மரங்களை உலர வைக்கலாம். ஆனால், அதிற் செல்பவன் எந்நேரமும் நனைந்தே இருக்கிறான். பெரிய வலைகளுக்கோ பனிக்கட்டிக்கோ அதில் இடமில்லை. தொலைவுக்கு விரைந்து செல்லவும் இயலாது. கட்டுமரத்தைக் காட்டுமிராண்டிக் கருவி என்பவர் அதன் நுட்பத்தை அறியாதவர். முன்னோர் ஞானம் என மேடையிற் புகழ்ந்து நிறுத்திக்கொள்பவரோ அதில் நனைபவனை அறியாதவர்.

தென்மேற்குக் கரையின் சிங்கள மீனவர் ‘ஒருவ’ என வழங்கும் தோணி இன்னொரு விடையாகும். ஒடுங்கிய உடலை நீர் அதிகம் எதிர்ப்பதில்லை. ஆயின் ஒடுங்கிய உடல் எளிதிற் கவிழும். ஒருபுறம் வளைந்த கொம்புகளால் இணைக்கப்பட்ட மிதப்பு மரம் இச்சிக்கலைத் தீர்க்கிறது. இரு முனையும் ஒத்தமைந்த இத்தோணி பாய் விரித்துச் செல்கையில் அம்மிதப்பு மரம் எப்பொழுதும் காற்று வீசும் பக்கமே இருக்கும். திசை மாற்றும்போது முன்முனை பின்முனையாகும். குறைந்த விசையில் மிகுந்த வேகம் என்பது இதன் சிறப்பு. இடவசதியின்மையும், அடிமரத்துக்கேற்ற பெருமரங்கள் அருகியமையும் இதன் குறைகள்.

தனியுடற் படகுகளின் அடியை மூவகையாகப் பிரித்து நோக்கலாம். தட்டையான அடி ஆழமற்ற நீரில் மிதக்கும். நின்று வலை இழுக்கையில் எளிதிற் சாயாது. யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் பாக்குநீரிணையின் ஆழங்குறைந்த பரப்புகளுக்கும் இது ஏற்றது. ஆனால், அலை எழும் வெளிக்கடலில் அடி ஓங்கி அறைபடும். ஓர் எல்லைக்கு மேற் சாய்ந்தாற் கவிழ்ந்துவிடும், கவிழ்ந்த நிலையிலேயே உறுதியாகவும் நிற்கும். உருண்ட அடி குறைந்த விசையில் அமைதியாகச் செல்லும். ஆயினும் பக்கவாட்டில் உருளும். கூரிய அடி அலையைப் பிளந்து செல்லும். அதற்கு வலுவான இயந்திரமும் கூடிய ஆழமும் வேண்டும். வடமராட்சியில் முருகைக்கற் பாறைகளுக்கிடையே ‘வான்’ எனப்படும் ஒடுங்கிய வழியால் வந்து கரையேறும் படகுக்கும், முல்லைத்தீவின் திறந்த மணற்கரையில் இழுத்தேற்றப்படும் படகுக்கும் ஒரே அடி எவ்வாறு பொருந்தும்?

வரலாறு இவ்வினாவை இருமுறை எழுப்பியுள்ளது. 1950களின் இறுதி தொடக்கம் அரசு கடனடிப்படையில் வழங்கிய 28 அடி நீள, 3½ தொன் இயந்திரப் படகுகள் ஆழ்கடலுக்கு வழி திறந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அவற்றைக் கரையில் இழுத்தேற்ற முடியாது; நங்கூரமிடப் பாதுகாப்பான இடம் வேண்டும். துறைமுகமுள்ள ஊர் வளர்ந்தது; இல்லாத ஊர் பார்த்திருந்தது. கடனுக்குப் பிணை கொடுக்க வல்லவனிடம் படகு சென்றது. வலை இழுத்தவன் பங்குக் கூலிக்காரனாகவே நின்றான். படகின் அடி, வர்க்க உறவையும் வரைந்தது.

அடுத்து வந்தது கண்ணாடியிழைப் படகு. அது உழுத்துப் போவதில்லை. கப்பற்புழு அதனைத் துளைப்பதில்லை. உடைந்தால் பிசினும் இழையும் கொண்டு ஒட்டலாம். சிலர் சேர்ந்து கரையில் ஏற்றலாம். இந்நன்மைகள் உண்மையானவை. ஆனால் மரம் நீரில் மிதக்கும், கண்ணாடியிழைத் தகடோ அமிழும். காற்றடைத்த அறையோ நுரைப்பொருளோ உள்ளே இல்லாவிடின், நீர் நிரம்பிய படகு பற்றிக்கொள்ளவும் உதவாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நன்கொடையாளர்கள் போட்டியிட்டு வழங்கிய படகுகளிற் பல தரங்குறைந்தவை என்பதை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனமே சுட்டிக்காட்டியது. கொடுத்தவர் படகுகளை எண்ணினார்; அடியைத் தட்டிப் பார்த்தவர் சிலரே.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. நீரைப் பிளந்து மெல்லச் செல்லும் படகின் வேகம் அதன் நீளத்தால் மட்டுப்படுத்தப்படுகிறது. நீரில் 16 அடி படியும் படகு மணிக்கு ஏறத்தாழ 5½ கடல்மைலை எட்டியதும் தான் எழுப்பிய அலையிலேயே சிக்கிக்கொள்கிறது. அதனைத் தாண்டும் வழி, மிகு விசையால் நீரின் மேலெழுந்து வழுக்கிச் செல்வதாகும். இன்றைய வெளியிணைப்பு இயந்திரப் படகின் அகன்ற பின்புறம் இதற்கென்றே அமைந்தது. விசையைக் குறைத்தால் அதே பின்புறம் நீரை இழுத்துக்கொண்டு தடையாகிறது. அதாவது, மலிவான எரிபொருள் என்ற அனுமானம் படகின் உடலிலேயே வார்க்கப்பட்டுள்ளது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தபோது அவ்வனுமானம் உடைந்தது. படகு கெடவில்லை, இயந்திரம் பழுதாகவில்லை. ஆயினும் தொழிலுக்குச் செல்வது பலருக்கு நட்டமாயிற்று. மேற்படியில் ஏறி நின்றவனுக்கு இறங்கவும் வழியில்லை.

அவ்வாறாயின் மீனவன் மீண்டும் துடுப்புக்குத் திரும்ப வேண்டுமா எனச் சிலர் ஏளனமாக வினவுவர். வேகமும் வேண்டும், உயிர்க்காப்பும் வேண்டும். அவற்றை மறுப்பவர் எவருமிலர். வேண்டப்படுவது வேறு. நீண்டு ஒடுங்கிய உடலைக் கண்ணாடியிழையில் வார்க்கலாம். சிறு இயந்திரத்தோடு பாயையும் சேர்க்கலாம். மிதப்பறை இல்லாத படகை விற்கவோ வழங்கவோ இயலாதவாறு விதிக்கலாம். அனைத்துக்கும் முன்னதாக, மானியப் படகின் அடியைத் தெரிவுசெய்யும் உரிமையைப் பெறுபவனிடமே ஒப்படைக்கலாம்.

இதிற் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை நமது விழா மேடைகள் மறவாது கூறும். அக்கப்பலைக் கட்டிய அறிவு எத்தகையது என்பதை அம்மேடைகள் கூறுவதில்லை. வரைபடமின்றிக் கண்ணாலும் கையாலும் அடியின் வளைவை நிர்ணயிக்கும் தச்சர் நம்மிடையே அருகி வருகின்றனர். அவர்களுடைய சொற்களைத் தமிழ் மாணவனும், அவர்களுடைய அளவுகளைப் பொறியியல் மாணவனும் ஒரே கரையில் அமர்ந்து பதிவுசெய்தல் வேண்டும். அதனைச் செய்யாது ஏணியை மட்டும் பாடமாக்கும் கல்வி, கடலை வகுப்பறைக் கரும்பலகை அளவுக்குச் சுருக்கிவிடும். கடலோ அவ்வளவிற்கு அடங்காது.