ஆசானாக இருக்கலாம், சமமாக இருக்கக் கூடாதா?

"திறமையை வளர்த்துக்கொள், சாதி தானாக விலகிவிடும்." விடுதிக் காப்பாளர் முதல் தொலைக்காட்சி விவாதக்காரர் வரை நமக்கு இலவசமாகத் தரும் அறிவுரை இது. இதை நம்பும் தோழர்கள் பசீல் குரோக்கேர் என்ற வாள்வீச்சு ஆசானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பாதி. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம். மானத்துக்கு இழுக்கு வந்துவிட்டதென்று வெள்ளைக் கனவான்கள் எடுத்ததற்கெல்லாம் டூயல் என்ற ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் இறங்கிய காலம். எக்ஸ்சேஞ்ச் சந்தில் வாள்வீச்சுப் பள்ளிகள் பல இருந்தன. அங்கே பெயர்பெற்ற ஆசான் குரோக்கேர். கறுப்பு, வெள்ளைக் கலப்பில் பிறந்தவர். அடிமையல்ல, சுதந்திர மனிதர். கணிதம் அறிந்தவர், மாடிப்படி அமைப்பதில் தேர்ந்தவர். வெள்ளை மேட்டுக்குடி இளைஞர்கள் அவரிடம் தேடிவந்து கற்றார்கள்.

பயிற்சிக் கூடத்தில் அவர் வாள்முனை அவர்கள் மார்பைத் தொடலாம். ஆனால் அவர்களில் ஒருவன் தெருவில் அவரை இழிவாகப் பேசினால், அவனை அவர் டூயலுக்கு அழைக்க முடியாது. டூயல் சமமானவர்களுக்கு இடையில்தான் நடக்கும் என்பது அவர்கள் வகுத்த விதி. கற்றுக்கொடுத்தவருக்கே அந்தக் களத்தில் இடமில்லை!

சட்டமும் அதையே சொன்னது. அங்கே 1806இல் இயற்றப்பட்ட கறுப்பர் சட்டப்படி, நிறம் கொண்ட சுதந்திர மக்கள் வெள்ளையரை அவமதிக்கவோ அடிக்கவோ கூடாது. தங்களை அவர்களுக்குச் சமமென்று நினைக்கவும் கூடாது. மீறினால் சிறை. கவனியுங்கள், நினைப்பதே குற்றம்.

குரோக்கேரிடம் எந்தத் தகுதி குறைவு? திறமையை எடுத்துக்கொண்டார்கள், மனிதரை வெளியே நிறுத்தினார்கள். இன்று அவர் கதையைச் சொல்பவர்களும் அவர் அணிந்த செதுக்குக்கல் நகைகளை வருணிக்கிறார்கள். வெள்ளையரே அவரிடம் படித்தார்கள் என்று வியக்கிறார்கள். அது பெருமை அல்ல தோழர்களே, அதுதான் குற்றப்பத்திரிகை.

"அது அந்தக் காலம், இப்போது சட்டம் மாறிவிட்டது" என்பார்கள். சட்டத்தை மாற்றியது யார் என்று திருப்பிக் கேளுங்கள். குரோக்கேரைத் தன் 1911 நூலில் பதிவுசெய்தவர் ரொடோல்ஃப் டெதூன். அவர் அதே நகரில் 1891இல் உருவான குடிமக்கள் குழுவைச் சேர்ந்தவர். அந்தக் குழுவின் திட்டப்படிதான் 1892இல் ஹோமர் பிளெசி வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறிக் கைதானார். 1896இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தோற்றது. ஆனாலும் போராட்டம் தொடர்ந்தது. 1954இல் அதே நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்றது. எந்த ஆசானின் வாள்வீச்சைக் கண்டு மனமிரங்கியும் அந்தத் தீர்ப்பு வரவில்லை. அமைப்பாகத் திரண்டவர்கள் வாங்கியது அது.

படியுங்கள், பயிலுங்கள், முதலிடம் பெறுங்கள். அது நம் உரிமை. ஆனால் மதிப்பெண் பட்டியலைச் சமத்துவத்துக்கான நுழைவுச்சீட்டாக எவரிடமும் நீட்டாதீர்கள். தேர்வில் தோற்றவருக்கும் சமத்துவம் உண்டு. அதற்காகத்தான் நாம் சங்கமாகச் சேர்கிறோம்.