கற்பி என்பது பிறவினை

ஜூன் பிறந்தால் போதும், நம் காலனிகளுக்குப் புத்தி சொல்ல வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கட்சிக்காரர் தலைவர் படம் போட்ட நோட்டுக்கட்டோடு வருகிறார். அதிகாரி மைக் பிடிக்கிறார். நம்மாளுங்களும் சளைத்தவர்கள் இல்லை. அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்ட கையோடு பேச ஆரம்பித்துவிடுகிறோம். எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: ‘நல்லா படிங்க.’ நோட்டு கொடுத்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு, கிளம்பியாச்சு. அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படித்தது, எந்தப் பாடத்தில் தடுமாறியது, ஏன் ஒன்பதாவதோடு நின்றது என்று கேட்க அடுத்த ஜூன்வரை நாதியில்லை.

இந்த ‘நல்லா படிங்க’ ஒரு தப்பித்தல் என்கிறேன் நான். பிள்ளை தேறினால் புத்தி சொன்னவருக்குப் பெருமை. தேறாவிட்டால், ‘இதுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது.’ ஆக, குற்றம் எப்போதும் பிள்ளையின் மண்டையில்தான். அன்றைக்குப் பிறப்பில் வைத்த குற்றத்தை இன்றைக்கு மண்டைக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80. தர்மபுரி மாவட்டத்தில் 68.5. மாநிலத்திலேயே கடைசி. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன மூளையா குறைச்சல்? மானாவாரி நிலம், அதுவும் நம்ம ஜனத்துக்குக் கையளவு. மழை பொய்த்தால் பெங்களூரு, இல்லாவிட்டால் திருப்பூர். அப்பனும் ஆத்தாளும் கட்டட வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் ஆயாவிடம். நான் மாலை வகுப்பு எடுக்கும் காலனியில் ஏழாவது படிக்கிற பெண் தம்பிகள் இரண்டு பேருக்குச் சோறாக்கிவிட்டுத்தான் பையைத் தூக்குகிறாள். வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போன பிள்ளைகள் பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வந்து சேருகின்றன. அதற்குள் ஓடிப்போன பாடத்தைத் திருப்பிச் சொல்ல ஆளில்லை. அந்த மூன்று வார இடைவெளிதான் மூன்று வருஷத்தில் ‘படிப்பு ஏறல’ என்று பெயர் மாறுகிறது.

சரி, வகுப்புக்குள் போய் உட்கார்ந்த பிறகு? நான் படித்த காலத்தில் பள்ளி திறந்த முதல் வாரமே ‘எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க’ என்று எழுப்பி நிறுத்தி உதவித்தொகைக்குப் பெயர் எழுதினார்கள். உட்கார்ந்திருந்தவன் எல்லாம் எங்களை எண்ணினான். அ, ஆ தெரியாதவனுக்கும் அன்றைக்கு அந்தக் கணக்கு தெரிந்துவிட்டது. அது பழைய கதை என்கிறீர்களா? 2025 ஜனவரியில் பாலக்கோடு பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் பழங்குடிப் பிள்ளைகள் கழிப்பறை கழுவும் காணொளி வெளியே வந்த பிறகுதானே தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிவரை எடுக்கச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கழிப்பறையில் துடைப்பத்தைப் பிடித்த பிள்ளையிடம் போய் ‘கவனமா படி’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொரு பொய்யும் நம்மிடம் புழங்குகிறது. படித்தால் ஊர்க்காரன் மதிப்பானாம். 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் என்ன நடந்தது? பெங்களூருக்குப் போய் உழைத்துக் கட்டிய வீடுகள், பிள்ளைகளைப் படிக்கவைத்த வீடுகள், 250க்கும் மேல் எரிக்கப்பட்டன. காதல் கல்யாணம் ஒரு சாக்கு. சேலை எரிந்தது, சைக்கிள் எரிந்தது, கூடவே மார்க் ஷீட்டும் டி.சி.யும் எரிந்தன. படிப்பு மரியாதை வாங்கித் தரும் என்று நம்மிடம் சொன்னவர்கள் அந்தச் சாம்பலுக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. இதைச் சொன்னால், ‘அப்ப படிச்சு என்னாத்துக்கு?’ என்று என் வகுப்புப் பையன் கேட்கிறான். நியாயமான கேள்வி. அவன் மதிப்பதற்காக நாம் படிக்கவில்லை என்பதுதான் பதில். மனு எழுத, எஃப்.ஐ.ஆர்.ஐ நாமே படித்துப் பார்க்க, கூலியைக் கணக்குப் பார்க்க, நம்ம கதையை நாமே எழுதப் படிக்கிறோம்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. எங்களுக்கு வடக்கே, ரொம்ப தூரமில்லை, கோலார் தங்கவயல். சுரங்கத்துக்குள் இறங்கிய நம்ம ஜனங்கள் அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். அவர் எழுத்தை நூலாக அச்சிட்டது மாரிக்குப்பத்தின் சித்தார்த்தா புத்தகசாலை. நின்றுபோன ‘தமிழ’னை 1926இல் அப்பாதுரையார் அங்கிருந்தே மறுபடி கொண்டுவந்தார். எந்த அதிகாரியும் மைக் பிடித்து அவர்களைப் படிக்கச் சொல்லவில்லை.

அம்பேத்கரையே எடுத்துக்கொள்வோம். ‘அவரு தெருவிளக்குல படிச்ச மாதிரி நீயும் படி’ என்று பிள்ளையை மிரட்டுகிறோம். பம்பாய் பரேலில் அவர்கள் குடியிருந்தது ஒரே அறை. அப்பா ராம்ஜி மகனைச் சீக்கிரம் தூங்கவைத்துவிட்டு, தான் விழித்திருந்து, ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்தார். அதற்கப்புறம்தான் அவர் படுத்தார். மகன் கேட்ட புத்தகத்துக்குக் காசில்லை என்றால் கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய்க் கைமாற்றுக் கேட்டார், நகையை வாங்கி அடகு வைத்தார். மகனுடைய உழைப்புக்குப் பின்னால் ஒரு விளக்கு இருந்தது, ஒரு நேரம் இருந்தது, கண்விழித்த ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளாக நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் ஒரு இலக்கணம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணல் பெயரால் சுவரில் எழுதுகிறோமே, அதில் முதல் வார்த்தை ‘கற்பி’. ‘கல்’ என்றால் தன்வினை. ‘கற்பி’ பிறவினை. அடுத்தவரைக் கற்கச் செய் என்று பொருள். கட்டளை பிள்ளைக்கு இல்லை தோழர்களே, நமக்கு. முப்பது வருஷமாக அதைப் பிள்ளை பக்கம் திருப்பிவிட்டு நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஜூனில் என்ன செய்வது? காலனிக்கு ஒரு இடம், ஒரு விளக்கு, தினமும் ஒன்றரை மணி நேரம். சமுதாயக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, சாவியைக் கேளுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் போன வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே திக்குகிறதோ அங்கிருந்து ஆரம்பியுங்கள், அது ஒன்றாம் வகுப்பானாலும் சரி. கோனார் நோட்ஸைப் பத்துத் தரம் உருப்போட வைக்காதீர்கள். பாடத்தை ஒரு தரம் படித்து, புத்தகத்தை மூடி, புரிந்ததைத் தன் பேச்சில் சொல்லட்டும். விட்டுப்போனதை மறுபடி பார்க்கட்டும். இரண்டு நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் எழுதட்டும். எட்டாவது பிள்ளை நாலாவதுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், இரண்டுக்கும் ஏறும்.

அந்தப் பேச்சைத் திருத்தி அடிக்காதீர்கள். ‘சோறு துன்னேன்’ என்றதற்கு வகுப்பே சிரித்து, அதோடு வாய் மூடிப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். வாய் மூடிய பிள்ளை சந்தேகம் கேட்காது. ‘தின்’ சங்கப் பாட்டிலேயே இருக்கிற வினை என்று நான் சொல்கிறேன். எழுத்துத் தமிழ் பிறகு தானாக வரும்.

சாதிச் சான்று, வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் மூன்றையும் ஜூனிலேயே முடியுங்கள். சான்றிதழ்களை மூன்று நகல் எடுத்து மூன்று ஊரில் மூன்று வீட்டில் வையுங்கள். நத்தம் கற்றுக்கொடுத்த பாடம் இது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர். நலிந்த பிரிவினருக்கும் அதில் உரிய பங்கு உண்டு. நம் பெண்கள் அதில் உட்கார்ந்து கேட்கட்டும்: எம்புள்ள எந்த வரிசையில உக்காருது? துடைப்பம் யார் கையில இருக்குது?

கடைசியாக, படித்து வேலை வாங்கி டவுனில் வீடு கட்டிக் குடியேறிவிட்ட நம்ம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணா, அக்கா, சந்தா வேண்டாம். சால்வையும் வேண்டாம். அரூரோ பென்னாகரமோ காரிமங்கலமோ, நீங்கள் பிறந்த காலனிக்கு வாரத்தில் ஒரு சாயங்காலம் வாருங்கள். பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். ‘நல்லா படிங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். புத்தகத்தைத் திறந்து, ‘எங்க விட்ட?’ என்று கேளுங்கள்.