வில்லும் வேளையும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்ட மலை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பு துளைத்துச் சென்ற திறத்தை வன்பரணரின் புறநானூற்றுப் பாடல் வியந்து கூறுகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடித் திங்களில் அரசு எடுக்கும் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் இடம் பெறுகிறது. குறி பார்த்து எய்யும் வேட்கை இளைஞர்க்குப் புதியதன்று.

இன்று அவ்வேட்கை கைப்பேசிக்குள்ளும் கணினிக்குள்ளும் குடியேறிவிட்டது. நால்வராகவோ ஐவராகவோ அணி சேர்ந்து, இணையத்தின் வழியே எதிரணியைச் சுட்டு வெல்லும் ஆட்டங்களில் நம் பிள்ளைகளும் இறங்க விரும்புகின்றனர். "விடலாமா, கூடாதா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறுவதைக் காட்டிலும், பிள்ளை எவ்வாறு தொடங்குகிறான் என்பதைக் கவனிப்பதே அறிவுடைமை என்பது எம் கருத்து.

இலக்கு நோக்கி எய்வதை மார்க்கம் இழிவாகக் கருதவில்லை. பனூ அஸ்லம் குலத்தார் அணி பிரிந்து அம்பெய்துகொண்டிருந்தபோது அவ்வழியே வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவர்களை ஊக்குவித்து, தாம் ஓர் அணியைச் சேர்ந்திருப்பதாகக் கூறினார்கள். மற்ற அணியினர் கைகளை நிறுத்திவிட்டனர். நபிகளாரை எதிர்த்து எவ்வாறு எய்வது என்பதே அவர்தம் தயக்கம். தாம் அனைவருடனும் இருப்பதாக அண்ணலார் அறிவித்த பின்னரே ஆட்டம் தொடர்ந்தது. இதனை இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். எதிரணியினரும் நம் சகோதரரே என்னும் பாடம் இதில் உண்டு. ஆனால், இணைய ஆட்டங்களில் முகம் தெரியாதவரை ஒலிவாங்கியில் வசைபாடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. முஃமின் வசைபாடுபவனாகவோ சபிப்பவனாகவோ இருக்கமாட்டான் என்பது நபிமொழியின் கருத்து. நாவைக் காக்க இயலாதவன், ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஆடட்டும்.

ஆயினும் அம்பு பலகையைத் தைப்பது வேறு. மனித உருவம் குருதி சிந்தி வீழ்வதைக் கண்டு களிப்பது வேறு. 2023-இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுக்கும் பதக்கம் அளிக்கப்பட்டது. அங்கு ஆடப்பட்ட பப்ஜியின் தனி வடிவில் வீரர்கள் ஒருவரையொருவர் சுடவில்லை, இலக்குகளையே சுட்டனர். உலக அரங்கே இவ்வேறுபாட்டை உணர்ந்திருக்க, இளம் உள்ளங்களைப் பேணும் நாம் உணர வேண்டாமா? புதிதாகத் தொடங்குபவன் முதலில் பயிற்சிக் களத்தில் இலக்குகளைச் சுட்டுப் பழகட்டும். கைத்திறனுக்கும் அதுவே நல்ல வழி.

அணி ஆட்டத்தில் கைத்திறனைவிடப் பெரியது கட்டுப்பாடு. வேலரண்ட் ஆட்டத்தில் ஐவரும் ஓரிடத்தில் குவிந்தால் தோல்வி உறுதி. ஒருவன் எவரையும் சுடாமல் வாயிலைக் காத்து நிற்க வேண்டும். புதியவர்க்கு அது கசக்கிறது. உஹது மலையை நினைவு கூர்வோம். 625-ஆம் ஆண்டில் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் 50 வில்லாளர்களைக் குன்றின்மீது நிறுத்திய நபி (ஸல்) அவர்கள், வென்றாலும் தோற்றாலும் இடம் பெயரலாகாது என்று கட்டளையிட்டார்கள். வெற்றி கிட்டியதாக எண்ணிப் பெரும்பாலோர் பொருள் திரட்ட இறங்கினர். எதிரிகளின் குதிரைப்படை பின்புறமாகப் பாய்ந்தது, வெற்றி கைநழுவியது.

இங்கேதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய முடிச்சு இருக்கிறது. வேலரண்டில் 13 சுற்றுகளை முதலில் வெல்லும் அணிக்கே வெற்றி. ஆட்டம் முடிய ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஆகும். பப்ஜியில் நால்வர் அணிக்கு அரை மணி நேரம் வேண்டும். இடையில் ஒருவன் எழுந்து சென்றால் தோழர் நால்வர் ஐவரை எதிர்க்க நேரிடும். சென்றவனுக்கும் தண்டனை உண்டு. ஆகவே பாங்கு ஒலிக்கும்போது பிள்ளை எழுவதில்லை. "இதோ முடிந்துவிடும்" என்கிறான், மஃரிபு கடந்துவிடுகிறது. அவனைக் கடிந்து பயனில்லை. பிழை பாங்கின்போது நேர்ந்ததன்று. பாங்குக்குக் கால் மணி இருக்கையில் 40 நிமிட ஆட்டத்துள் நுழைந்தானே, அப்போது நேர்ந்தது. வெளியேறும் நேரம் அவன் கையில் இல்லை; நுழையும் நேரம் அவன் கையிலேயே இருக்கிறது. தொழுகை அட்டவணையைப் பார்த்த பின்னரே ஆட்டத்தைத் திறப்பது என்பதை முதல் நாளே விதியாக்குங்கள்.

மெய்யான போர்க்களத்திலும் தொழுகை தள்ளுபடியாகவில்லை. ஒரு பிரிவினர் தொழ, மற்றவர் ஆயுதத்துடன் காவல் நிற்க, பின்னர் இடம் மாறித் தொழும் முறையைத் திருமறையின் 4-ஆவது அத்தியாயம் கற்பிக்கிறது. வாளும் வேலும் சூழ்ந்த இடத்தில் கிடைக்காத விலக்கு, மெத்தையில் சாய்ந்து ஆடும் பொய்ப்போரில் கிடைக்குமா?

அடுத்தது பணம். 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து அங்கீகரித்தது. மார்க்கச் சட்ட அறிஞர்கள் நெடுங்காலம் முன்பே கோடு கிழித்துவிட்டனர். ஆடுவோர் ஒவ்வொருவரும் பணம் கட்ட, வென்றவன் அதனை வாரிச் செல்வது சூது. வெளியார் ஒருவர் மனமுவந்து தரும் பரிசு வேறு. என்ன கிடைக்கும் என்று அறியாமல் காசு செலுத்தி வண்ண உடைக்கும் துப்பாக்கி அலங்காரத்துக்கும் பெட்டி திறப்பதும் சூதின் வாசலே. தகப்பனாரின் வங்கிக் கணக்கு பிள்ளையின் கைப்பேசியில் திறந்து கிடக்கலாகாது.

பப்ஜி 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. 2021-இல் வேறு பெயரில் வந்து, 2022-இல் அகற்றப்பட்டு, 2023 மே மாதம் மீண்டது. மீண்டபோது 18 வயது நிரம்பாதோர்க்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என வரம்பு விதிக்கப்பட்டது. ஐவேளைத் தொழுகையும், பள்ளிப் பாடமும், உறக்கமும் உள்ள பிள்ளைக்கு அந்த 3 மணியும் மிகுதியே. அரசின் தடை வரும், போகும். வீட்டின் ஒழுங்கோ நிலைக்க வேண்டும்.

செயல்கள் யாவும் எண்ணத்தைப் பொறுத்தவை. தொழுகைக்கு முன் நிய்யத் வைக்கப் பழகிய பிள்ளை, விளையாட்டுக்கு முன்னும் ஒரு கணம் நின்று, நேரமென்ன, செலவென்ன, உடன் ஆடுபவர் யார் என்று எண்ணிப் பார்க்கட்டும். வல்ல அல்லாஹ் நம் மக்களின் கண்ணுக்குக் கூர்மையையும், நாவுக்குக் கட்டுப்பாட்டையும், நேரத்துக்கு பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.