கல்லறையோடும் பகையோ?

வன்னிப் பெருநிலப்பரப்பிலே, ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31இல் தோற்கடித்த செய்தியை ஆங்கிலேயராட்சி கல்லிற் பொறித்து நாட்டியது. தன் வெற்றியைப் பறைசாற்றவே அதனைச் செய்ததாயினும் தோற்றவன் பெயரை அது மறைக்கவில்லை. அந்நிய ஏகாதிபத்தியத்திடம் இருந்த இச்சிறு பண்புதானும் இந்நாட்டு அரசிடம் இல்லாதொழிந்தது ஏன்?

கிளிநொச்சி கனகபுரம் துயிலும் இல்லம், விடுதலைப் புலிகள் தம் போராளிகளை அடக்கஞ் செய்த இடங்களுள் ஒன்று. உடல் கிடைத்தோர்க்குக் கல்லறையும் கிடையாதோர்க்கு நினைவுக்கல்லும் வரிசை வரிசையாக அங்கு அமைந்திருந்தன. 2009இல் இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றிய பின்னர் அவை இடித்து நொறுக்கப்பட்டன. 2016 நவம்பரில் மக்கள் அங்கு மீண்டும் விளக்கேற்றச் சென்றபோது பெயர் தாங்கிய கற்கள் துண்டங்களாய்க் கிடந்தன.

பயங்கரவாதிகளுக்குக் கல்லறை எதற்கு என்பர் சிலர். இவ்வாதம் நேர்மையானதாயின் யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும். 1971இலும் 1987–89இலும் அரசுக்கெதிராக ஆயுதமேந்திய மக்கள் விடுதலை முன்னணி, தன் தலைவர் றோகண விஜேவீர 1989இல் கொல்லப்பட்ட நவம்பர் மாதத்திலேயே, மாண்ட தோழர்க்குப் பல்லாண்டுகளாகப் பகிரங்கமாக அஞ்சலி செலுத்தி வருகிறது. அதன் தலைவரே 2024இல் நாட்டின் சனாதிபதியுமானார். அவ்வஞ்சலியை நாம் குறைகூறோம், அது முறையே. தெற்கிலே துக்கமெனப்படுவது வடக்கிலே குற்றமாவது எந்த நியாயத்தின்பாற்பட்டது?

கல் நடுதலுக்குக் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு துறைகளைத் தொல்காப்பியம் கூறும். எனவே வீழ்ந்தோன் பெயரைக் கல்லிற் பொறித்தல் நேற்றைய இயக்கமொன்று கற்பித்த புதுமையன்று. (கல்லை உடைத்தோர் இதனை அறியார் போலும்.)

எம்மவர்க்கும் ஒரு சொல். துயிலும் இல்லத்திலே முதற்சுடரேற்ற அரசியல்வாதிகள் முந்துவது வெட்கக்கேடு. அவ்வுரிமை பெற்றோர்க்கே உரியது. இன்னும், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் மாண்ட பொதுமக்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியலேனும் எம்மிடம் இல்லை. புலிகளின் கையால் மாண்ட தமிழர்க்கோ வாய்விட்டு அழவும் நாம் கூசுகின்றோம். இவர்களை விலக்கிவிட்டுக் கல்லுரிமை பேசுவோமாயின் அரசின் வாதத்தையே நாமும் பேசியவராவோம்.

இடிக்கப்பட்ட துயிலும் இல்லங்கள் யாவும் உறவினர் பொறுப்பில் விடப்படல் வேண்டும். அரசு அதனைச் செய்யும்வரை பல்கலைக்கழகத்தார் கைகட்டியிருத்தல் தகாது. இயக்கம், கட்சி என்ற வேறுபாடு பாராது மாண்டோர் ஒவ்வொருவரின் பெயர், ஊர், இறந்த நாள் ஆகியவற்றைக் கிராமந்தோறும் சென்று பதியும் பணியை, சாட்சி சொல்லவல்ல முதியோர் உயிரோடிருக்கும்போதே, மாணவர் தொடங்குதல் வேண்டும்.