குப்பத்திலிருந்து கோட்டை வரை: பழவேற்காட்டுக்காகப் பேசுவது யார்?

நெதர்லாந்து வணிகர்கள் 1613-இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய பிறகு, அந்தச் சிற்றூரின் வாழ்வு ஜாவா தீவுடன் பிணைக்கப்பட்டது. இங்கிருந்து துணிகள் சென்றன. அடிமைகளாக வாங்கப்பட்ட மனிதர்களும் பட்டேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பட்டேவியாதான் இன்றைய ஜகார்த்தா. நான்கு நூற்றாண்டுகள் கழித்து இவ்விரு கடற்கரைகளின் மீனவர்களும் ஒரே கேள்வியின் முன் நிற்கிறார்கள். கடலை மண்ணிட்டு நிரப்பும் திட்டம் வரும்போது, தங்களிடம் வாக்குப் பெற்றவர் என்ன செய்வார் என்பதே அது.

தமிழகத்தின் வட கோடிக் கடற்கரையில் மீனவர் குப்பத்திலிருந்து அமைச்சர் பதவிவரை உயர்ந்தவர்களில் கே.பி.பி. சாமி குறிப்பிடத்தக்கவர். திருவொற்றியூரின் கே.வி.கே. குப்பத்தைச் சேர்ந்த அவர், 2006-இல் தி.மு.க. சார்பில் சட்டப்பேரவைக்குத் தேர்வாகி, அந்த ஆட்சியின் ஐந்தாண்டுகளும் மீன்வளத் துறை அமைச்சராக இருந்தார். 2011-இல் தோல்வி, அதைத் தொடர்ந்து வழக்குகள், கைது. 2016-இல் மீண்டும் வென்றார். 2020 பிப்ரவரியில் காலமானார். இடைத்தேர்தல் நடக்காமல், ஓராண்டுக்கு மேல் அத்தொகுதி உறுப்பினரின்றியே இருந்தது. 2021-இல் அவருடைய சகோதரர் கே.பி. சங்கர் அங்கே வென்றார். எதிரணியில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவர் ராயபுரத்தின் டி. ஜெயகுமார். 1991-இல் முதன்முறை வென்ற அவர், பேரவைத் தலைவராகவும் மீன்வளம், நிதி உள்ளிட்ட துறைகளின் அமைச்சராகவும் இருந்து, 2021-இல் தோற்றார்.

இவ்விருவரின் அரசியல் வாழ்வும் காட்டும் உண்மை ஒன்று உண்டு. மீனவ சமூகத்தவர் அமைச்சரானால் அவருக்கு மீன்வளத் துறை தரப்படுவது ஏறக்குறைய மரபாகிவிட்டது. பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தத் துறையின் கையில் இருப்பது என்ன? மீன்பிடித் தடைக்கால நிவாரணம், மானிய டீசல், படகுக்கு உதவி, மீன் இறங்குதளம். இவை தேவையற்றவை என்று எவரும் சொல்ல மாட்டார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை நீடிக்கும் நிலையில், 5,000 ரூபாயாக இருந்த நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023-இல் முதலமைச்சர் அறிவித்தது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொருளுள்ள செய்தி. ஆயினும் மீனவரின் கடற்கரை எவருக்குச் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்வது தொழில் துறையும் துறைமுக நிறுவனங்களும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும்தான். எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்துக்கும் துறைமுகத்துக்குமான பணிகள் உருப்பெற்றது சாமி அமைச்சராக இருந்த ஆட்சியில். மீனவர் ஒருவர் அமைச்சரவையில் அமர்ந்திருந்ததால் அந்த முடிவின் திசை மாறியதாகத் தெரியவில்லை. அதற்கு அவரை மட்டும் குறைசொல்வது நியாயமன்று. அவருக்குத் தரப்பட்ட நாற்காலி அப்படிப்பட்டது.

இனி பழவேற்காட்டுக்கு வருவோம். திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் மீனவர் வாக்கு வெற்றியைத் தீர்மானிக்கும் அளவுக்குத் திரண்டிருக்கிறது. பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களின் நிலை வேறு. அவை அடங்கிய பொன்னேரி சட்டப்பேரவைத் தொகுதியும் திருவள்ளூர் மக்களவைத் தொகுதியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள மீனவர் அங்கே வாக்களிக்கலாம், போட்டியிட முடியாது. தங்களுக்குப் பேரவையில் சொந்தக் குரல் இல்லை என்ற மனக்குறை இக்குப்பங்களில் எழுவது இயல்பே.

அந்தக் குறையை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. காரணம், ஏரிக்குள்ளேயே ஒரு சமூக அடுக்கு இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தினர் தலைமுறைகளாகப் பாடு முறையைக் காத்து வருகிறார்கள். எந்தத் தலைக்கட்டுக்கு எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் ஊரே தீர்மானிக்கும் ஏற்பாடு அது. நீர்நிலை ஒன்றைப் பகிர்ந்துகொள்ள மக்களே வகுத்த விதி என்று ஆய்வாளர்கள் இதைப் போற்றுகிறார்கள், போற்றத் தக்கதும்கூட. ஆனால் பாட்டில் பங்கு இல்லாதவர்களும் அதே ஏரியை நம்பித்தான் வாழ்கிறார்கள். தலித் மீனவர்கள் இருக்கிறார்கள். சேற்றில் அமிழ்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்குத் தம் பெயரில் பாடு கிடையாது. ஆகவே, ‘மீனவர் பிரதிநிதி’ என்று சொல்லும்போது எந்த மீனவர் என்று கேட்டாக வேண்டும். தனித் தொகுதியாக இருப்பதால், பாடு இல்லாதவரின் குரலும் பேரவையில் ஒலிக்க ஒரு வாய்ப்பேனும் இருக்கிறது. அந்த வாய்ப்பு முறையாகப் பயன்படுத்தப்பட்டதா என்பது வேறு கேள்வி.

காட்டுப்பள்ளி விரிவாக்கத் திட்டம்தான் இந்த ஊர்களை ஒரே அணியில் நிறுத்தியது. 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த அத்துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக்குவது திட்டம். அதில் ஏறத்தாழ 2,000 ஏக்கர், கடலை நிரப்பிப் பெறப்படுவது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே இருப்பது ஒடுங்கிய மணல் திட்டு. துறைமுகச் சுவர்களுக்கு வடக்கே கடலரிப்பு அதிகமாகும் என்பதை எண்ணூர்க் கரையோரத்தினருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே முகத்துவாரம் அடிக்கடி மணலால் தூர்ந்துபோவதும், நீரோட்டம் நின்றால் மீன்வரத்து குன்றுவதும் இவ்வூர்களின் நீண்டகாலத் துயரம்.

2021 தேர்தலின்போது இத்திட்டத்தை அனுமதிப்பதில்லை என்று தி.மு.க. வாக்குறுதி அளித்தது. காங்கிரஸும் எதிர்த்தது. பொன்னேரியில் அக்கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் வென்றார். 2024 மக்களவைத் தேர்தலில் திருவள்ளூரில், இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து அரசியலுக்கு வந்த சசிகாந்த் செந்தில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்காளர் தம் பங்கைச் செய்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஜகார்த்தாவை நினைவுகூர்வது பொருந்தும். கிழக்கு பெலிதுங் மாவட்டத்தின் தலைவராக இருந்து, பின்னர் தலைநகரின் ஆளுநரானவர் பாசுகி புர்னாமா. அஹோக் என்ற பெயரில் அறியப்பட்டவர். திறமையான நிர்வாகி என்று புகழப்பட்ட அவர், ஜகார்த்தா விரிகுடாவில் 17 செயற்கைத் தீவுகளை உருவாக்கும் திட்டத்தை ஆதரித்தார். மூவாரா அங்கே பகுதி மீனவர்கள் வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றார்கள். 2017 தேர்தலில் அவர் தோற்றார். மத உணர்வுகளைத் தூண்டிய பரப்புரையே அதற்கு முதன்மைக் காரணம். மீனவர் கோபம் மட்டுமே வீழ்த்தியது என்று சொல்வது மிகை. ஆனால் அவரை வென்ற அனீஸ் பஸ்வேதன், தீவுத் திட்டத்தை நிறுத்துவேன் என்று வாக்களித்திருந்தார். 2018 செப்டம்பரில் இன்னும் உருவாகாத 13 தீவுகளின் அனுமதியை ரத்தும் செய்தார். உருவாகிவிட்ட நான்கும் நிலைத்தன. அடுத்த ஆண்டே அவற்றுள் ஒன்றில் எழுந்திருந்த நூற்றுக்கணக்கான கட்டடங்களுக்கு அவரது நிர்வாகமே அனுமதி வழங்கியது.

அரைகுறை வெற்றிதான். என்றாலும் அங்கே மீனவருக்கு ஒரு வசதி இருந்தது. அனுமதியை ரத்து செய்யும் கையெழுத்து, அவர்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவருடையது. பழவேற்காட்டில் அப்படி ஒரு முகவரியே இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி தருவது மத்திய அரசு. கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது மாநிலத்தின் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். விண்ணப்பிப்பதோ தனியார் நிறுவனம். சட்டப்பேரவை உறுப்பினரிடம் கேட்டால் முதலமைச்சரையும், அங்கே கேட்டால் தில்லியையும் சுட்டலாம். பொறுப்பு இவ்வாறு சிதறிக்கிடக்கையில், குப்பத்திலிருந்தே ஒருவர் தேர்வாகிக் கோட்டைக்குச் சென்றாலும் அவருக்கும் மீன்வளத் துறையின் அதே நாற்காலிதான் காத்திருக்கும்.

அத்திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் முதலில் 2021 ஜனவரி 22-க்குக் குறிக்கப்பட்டு நடைபெறவில்லை. தி.மு.க. ஆட்சியில், 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடியும் நாள் குறிக்கப்பட்டது. வாக்குறுதி என்னவாயிற்று என்று மீனவர்களும் சூழலியலாளர்களும் கேட்கத் தொடங்கியபின் அதுவும் நிறுத்தப்பட்டது. அப்போது வெளியான அறிவிப்பில் இருந்த சொல் ‘ரத்து’ அன்று, ‘ஒத்திவைப்பு’.