விரல் வீரர்கள்

வீணர் விளையாட்டாம்! சூதாட்டத்தின் உடன்பிறப்பாம்! திரையிலே இரு வீரரை மோதவிட்டு விரலாலே போர் நடத்தும் இளைஞரை இப்படி ஏசுகின்றனர், தம்பி! அந்தப் போரிலே ஒரு நொடி அறுபது கூறாகிறது; சில கூறு பிந்தினாலும் வீழ்ச்சிதான். விழும் சீட்டை நம்பும் சூது எங்கே? கண்ணையும் கையையும் நம்பும் இக்கலை எங்கே?

லாகூர் இளைஞர் அர்சலான் ஆஷ், பயணத் தடைகளைத் தாண்டிச் சென்று, 2019இல் ஜப்பானிலும், அதே ஆண்டு லாஸ் வேகாசிலும் 'டெக்கன்' ஆட்டத்திலே வாகை சூடினார். வியந்த உலகிடம், தம் நாட்டிலே வல்லவர் இன்னும் பலர் உண்டென்றார்.

சிவகாசியிலே விரலுக்கா பஞ்சம்? தீப்பெட்டி அடுக்கியும் திரி செருகியும் தேர்ந்த விரல்களாயிற்றே! பிஞ்சு விரலின் வேகத்தையும் ஒரு காலத்தில் கூலிக்கு வாங்கினார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலே வெந்த கைகளை மறப்போமா? அந்த வேகத்துக்கு விருது மட்டும் கிடையாது!

2023இல் ஆங்சோ ஆசிய விளையாட்டிலே 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பதக்கப் போட்டி. 2025ஆம் ஆண்டுச் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடுத்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து ஏற்றது. டில்லிக்கே புரிந்தது, நம் ஊர்ப் பெரியவர்க்குப் புரியவில்லை! (டில்லியைச் சான்றுக்கு அழைக்க நேர்ந்ததே என்று எனக்கும் நகைப்புத்தான்.)

மாளிகையா கேட்கிறோம்? விருதுநகர் மாவட்ட விளையாட்டரங்கிலே ஓர் அறை, இரண்டு திரை, நான்கு ஜாய்ஸ்டிக். ஆலை ஓயும் ஞாயிறுதோறும் அதன் கதவு திறந்திருக்க ஓர் ஆணை.