கரும்புக்கு நேரம் உண்டு, மனுஷனுக்கு இல்லை

எங்கள் கச்சிராயபாளையத்தில் இரண்டு காரியங்கள் நேரப்படி நடக்கும். ஒன்று கரும்பு. கள்ளக்குறிச்சி-2 கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அரவைப் பருவம் வந்துவிட்டால் யார் வயலில் எந்தத் தேதியில் வெட்டுவது என்று வெட்டு உத்தரவு வரும். வெட்டிய கரும்பு கிடந்து காய்ந்தால் எடையும் குறையும், சர்க்கரையும் குறையும் என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று தண்ணீர். கோமுகி அணையைத் திறப்பது என்றால் அரசாணை, தேதி, இத்தனை நாளைக்கு இத்தனை கன அடி என்ற கணக்கு எல்லாம் பேப்பரில் வந்துவிடும்.

நேரமே இல்லாமல் நடக்கும் காரியம் ஒன்றும் உண்டு. மனிதர்கள் கள்ளக்குறிச்சிக்குப் போய்த் திரும்புவது.

"பஸ் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்ப வந்துடும் சார்" என்பார்கள். அந்த 'இப்ப' என்பது ஐந்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். கள்ளக்குறிச்சி இங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். வண்டி ஏறிவிட்டால் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஏறுவதற்கு முன்னால் நிற்கிறோமே, அதுதான் தூரம். வாத்தியார் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இந்தச் சாலையில் போய் வந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

பஸ் பற்றி யார் பேசினாலும் 'கூடுதல் பஸ் விடு' என்றுதான் மனு எழுதுகிறார்கள். கட்சிக்காரர்களும் அதைத்தான் வாக்குறுதியாகத் தருகிறார்கள். கொடியசைத்துப் புது வண்டியைத் தொடங்கி வைத்தால் படம் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா! இருக்கிற வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தால் யார் படம் எடுப்பார்கள்? என்னைக் கேட்டால், எண்ணிக்கையைக் காட்டி நம்மை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் விரும்பி ஏமாந்துகொண்டிருக்கிறோம்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக அரை மணிக்கு ஒன்றாக வந்தால், நேரம் தெரியாமல் வந்து நிற்கிறவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். எவ்வளவு கெட்ட நேரமானாலும் 30 நிமிடம்தான். அதே இரண்டு பஸ்ஸும் கலெக்‌ஷனுக்காக ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு 5 நிமிட இடைவெளியில் வந்தால்? அதற்கப்புறம் 55 நிமிடம் சாலை காலி. அப்போது வந்து நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்த 55 நிமிடத்துக்குள்தான் மாட்டுவார்கள். சராசரிக் காத்திருப்பு 25 நிமிடத்துக்கு மேல் போகும், மோசமானால் 55 நிமிடம். பஸ் அதே இரண்டுதான், டீசல் அதேதான், டிரைவர் கண்டக்டர் சம்பளமும் அதேதான். ஆனால் ஜனங்களுக்குக் கிடைப்பது பாதிச் சேவை. முன்னால் போகிற வண்டியில் கால் வைக்க இடமிருக்காது. பின்னால் வருகிற வண்டியில் கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்குவார். மூன்றாவது பஸ் விட்டாலும் அதுவும் அந்த இரண்டின் பின்னாலேயே போகுமென்றால் என்ன பிரயோசனம்?

வேலைக்குப் போகிறவர்கள் இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்கள். எட்டரை பஸ்ஸில் போனால் போதும் என்றால் ஏழரை பஸ்ஸில் போய்விடுவது. ஒரு பஸ் முன்னால் போ, இதுதான் நம் பக்கத்துப் பயணத் திட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் யாருடையது? ஜவுளிக் கடையில் நிற்கிற பெண் அதைத் தன் தூக்கத்திலிருந்து எடுக்கிறாள். கல்லூரிக்குப் போகிற பிள்ளை படிப்பிலிருந்து எடுக்கிறது. கட்டட வேலைக்குப் போகிறவர் தாமதமானால் அன்றைய கூலியே போச்சு. மாதம் 25 நாள், போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்தால் 50 மணி நேரம். ஒரு ஆளிடமிருந்து இரண்டு முழு நாளுக்கு மேல் மாதாமாதம் பிடுங்கிக்கொள்கிறோம். எந்தக் கணக்கிலும் அது நஷ்டமாக எழுதப்படுவதில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வராத இலவச பஸ் இலவசம் இல்லை. அது வராததால் ஷேர் ஆட்டோவில் ஏறுகிற அம்மாவுக்குப் பயணச் செலவு உண்டு. திரும்பும்போதும் வராவிட்டால் இரண்டு மடங்கு.

மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை. கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1976-இல்தான். நாடு விடுதலை அடைந்து 29 வருஷம் கழித்து. விடுதலையே தாமதமாக வந்த மலைக்கு பஸ் மட்டும் நேரத்துக்கு வந்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதற்கு அப்புறம்தான் மலைச் சாலைகளும் குடிநீரும் தலைப்புச் செய்தி ஆயின. சாலை போட்டால் போதாது, ஐயா. சாலையில் நேரத்துக்கு ஒரு வண்டி வர வேண்டும்.

2019-இல் விழுப்புரத்தைப் பிரித்துக் கள்ளக்குறிச்சியைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். காரணம் என்ன சொன்னார்கள்? மலையடிவாரத்துக்காரன் ஒரு கையெழுத்துக்காக விழுப்புரம் வரை போக வேண்டியிருக்கிறது, அதைக் குறைக்கிறோம் என்றார்கள். நியாயமான காரணம். 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று, சிறுவங்கூரில். இப்போது அலுவலகமும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் வந்துவிட்டன. வரைபடத்தில்! வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற தாய்க்கு, வெளிநோயாளி சீட்டு கொடுக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்பதுதான் தூரம். காலை வண்டி வராவிட்டால் அவளுக்குக் கள்ளக்குறிச்சியும் ஒன்றுதான், சென்னையும் ஒன்றுதான்.

இனி எதிர்த்தரப்புக்கு வருகிறேன். நான் பேசிப் பார்த்தவர்கள் எல்லாரும் மூன்று பதில்தான் சொல்கிறார்கள்.

முதல் பதில், 'அந்த ரூட்டில் கூட்டமே இல்லை, நஷ்டம்' என்பது. ஏன் கூட்டமில்லை? வண்டி வருமா என்று தெரியாததால். ஒரு நாள் வராவிட்டால் ஜனங்கள் மறுநாளும் வந்து நிற்பார்கள். மூன்று நாள் வராவிட்டால் பைக் வாங்கக் கடன் கேட்கப் போவார்கள். கூட்டம் குறைந்ததும் 'நடை'யைக் குறைப்பார்கள். குறைத்ததும் மிச்சமிருந்தவர்களும் போய்விடுவார்கள். முதலில் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டுப் பிறகு கூட்டத்தை எண்ணுவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது பதில், 'இப்போதான் வீட்டுக்கு வீடு பைக் இருக்கிறதே' என்பது. இருக்கிறது. அந்த பைக்கை யார் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் ஒரு ஆண்பிள்ளை. அவன் எடுத்துக்கொண்டு போனபின் பாட்டியும் மருமகளும் பள்ளிக்கூடப் பிள்ளையும் நடுரோட்டில் நிற்பார்கள். மாதத் தவணை, பெட்ரோல், மழைக்காலத்தில் மலை வளைவுகளில் உயிர் பயம், எல்லாம் சேர்த்துத்தான் அந்த பைக்.

மூன்றாவது, 'நம் ஊர் சாலையில் நேரம் பார்க்க முடியாது, மாடு வரும், கரும்பு டிராக்டர் வரும்' என்பது. வரும்தான். மலையேறும் சாலையில் இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தினமும் ஓட்டுகிற டிரைவருக்குத் தெரியாதா? பத்து நிமிடம் கூட்டியே நேரம் போடுங்கள். மெதுவாக வரட்டும், குற்றமில்லை. சொன்னபடி வரட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இன்னும் வயிற்றெரிச்சல். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 72-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பஸ்ஸுக்குப் பெர்மிட் கொடுக்கும்போது என்னென்ன நிபந்தனை விதிக்கலாம் என்று அதில் வரிசையாக இருக்கிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை நடை, அதிகம் எத்தனை நடை என்று விதிக்கலாம். ஒப்புதல் பெற்ற கால அட்டவணையை வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் ஒட்டவேண்டும் என்று விதிக்கலாம். அந்த அட்டவணையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற வரம்பும் விதிக்கலாம். ஆக, நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் புத்தகத்தில் இருப்பதைச் சுவரில் ஒட்டுங்கள் என்கிறேன். நம் பக்கத்து நிறுத்தங்களில் நிழற்குடையைக் கட்டிக் கொடுத்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நகைக்கடை விளம்பரம் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி இருக்கிறது. பஸ் நேரம் மட்டும் இல்லை. சென்னையிலே 2022-லிருந்து மாநகர பஸ் எங்கே வருகிறது என்று கைப்பேசிச் செயலியில் பார்க்கிறார்கள். நாம் கேட்பது ஒரு தகரப் பலகையும் கொஞ்சம் பெயிண்ட்டும்.

உலகத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு ஒரு மலைநாட்டு உதாரணம். சுவிட்சர்லாந்தில் 1982-இல் நாடு முழுக்க ஒரே ஒழுங்கில் கால அட்டவணை கொண்டுவந்தார்கள். ஒரு ஊரில் 8.10-க்கு ரயில் என்றால் 9.10-க்கும் 10.10-க்கும் ரயில். மனப்பாடம் செய்ய வேண்டியது நிமிடத்தை மட்டும்தான். ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் மலைக் கிராமத்துக்குப் போகிற மஞ்சள் நிறத் தபால் பஸ் நிற்கும். அவர்கள் பணக்காரர்கள், நமக்கு ரயிலே இல்லையே என்கிறீர்களா? ரயில் வேண்டாம். வண்டிக்கு வண்டி காத்திருக்கும் புத்தி போதும். அதற்குப் பணம் தேவையில்லை.

2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். 25 கிலோமீட்டர் வரை, பெரும்பகுதி பஸ் போகாத பாதையில் ஓடவேண்டும் என்பது விதி. நல்லது. ஆனால் மினி பஸ் மெயின் ரோட்டுக்கு வந்து சேர்வதற்கு இரண்டு நிமிடம் முன்னால் கள்ளக்குறிச்சி வண்டி போய்விட்டால், அந்த மினி பஸ் ஜனங்களைக் காத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து விடும் வண்டி, அவ்வளவுதான்.

என் கோரிக்கை நாலே நாலு.

ஒன்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நேரம் எழுதிய பலகை. கடைசி வண்டியின் நேரம் சிவப்பு எழுத்தில்.

இரண்டு, அரசு வண்டியோ தனியார் வண்டியோ, ஒரே பாதையில் ஓடுபவற்றுக்குச் சம இடைவெளி. பெர்மிட் கொடுக்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியரே. அவர் மேசையிலேயே முடிகிற காரியம் இது.

மூன்று, முதல் நடையும் கடைசி நடையும் எந்தக் காரணத்தாலும் 'கட்' ஆகக்கூடாது. பழுதானால் ஸ்பேர் பஸ். பகல் பதினொரு மணி நடை போனால் எரிச்சல்தான் வரும். கடைசி நடை போனால் ஒரு பெண் இருட்டில் தனியே நிற்பாள். மலையூர்களுக்கு 'நைட் ஹால்ட்' வண்டியே சிறந்தது. ராத்திரி ஊரிலேயே தூங்கும் வண்டி, காலையில் வந்து சேரவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. டிரைவர் கண்டக்டருக்குப் படுக்க நல்ல அறையும் கழிப்பறையும் கட்டிக் கொடுங்கள். கொசுக்கடியில் வண்டிக்குள்ளேயே சுருண்டு படுத்தவரிடம் காலையில் ஒழுங்கை எதிர்பார்ப்பதும் அநியாயம்.

நாலு, வெள்ளிமலையிலும் கள்ளக்குறிச்சியிலும் இணைப்பு வண்டி பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு.

இந்தப் பதிவைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள், கிராம சபையில் பேசுகிறவர்கள், 'புது பஸ் வேண்டும்' என்று எழுதாதீர்கள். 72-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, 'எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு ஒப்புதல் பெற்ற கால அட்டவணையின் நகல் வேண்டும், அதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்' என்று எழுதுங்கள். மனுவுக்கு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரி மனு வேண்டுமென்றால் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?